பெரம்பலூரில் நான் குடிக்காத தண்ணீர்

1

இரண்டு வாரத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு பாய்லர் நின்றுபோனது. இந்த நாட்டில் பாய்லர் என்பது சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு வெள்ளைப் பெட்டி. குழாயில் வெந்நீர் வருவதும் குளிர்காலத்தில் வீடு சூடாவதும் அதன் தயவு. அது நின்றால் வைகாசியிலும் பச்சைத் தண்ணீரில் குளிக்க முடியாது. கை விறைத்துவிடும்.

சரிசெய்ய ஒருவர் வந்தார். என் வயது இருக்கும், ஐம்பதைத் தாண்டியவர். பெட்டியைத் திறந்து உள்ளேயிருந்து எதையோ சுரண்டி எடுத்து, உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினார். வெள்ளை வெள்ளையாகச் சில்லுகள். இந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அது படிந்து அடைத்துக்கொண்டது என்று பொறுமையாக விளக்கினார். நான் பதினெட்டு வருஷம் அரியலூரில் ஒரு சிமெண்டு ஆலை லேபில் சுண்ணாம்புக் கல்லைப் பொடித்துக் கரைத்து அளந்தவன். திருநெல்வேலிக்கே அல்வா கொடுக்கிறாரே என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

வேலை முடிந்ததும் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஐ ஹேவ் மை ஓன்" என்றார். பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்தார், மூடியைத் திருகினார், என் முன்னாலேயே நாலு மடக்கு குடித்தார். பிறகு கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. இங்கே பள்ளிக்கூடப் பிள்ளை முதல் பாதிரியார் வரை எல்லோரும் சொந்த பாட்டிலோடுதான் நடமாடுகிறார்கள். ஆனால் நான் டம்ளரோடு வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். இதே காரியத்தை ஒரு வருஷத்துக்கு முன்னால் பெரம்பலூரில் பத்துப் பேர் பார்க்க நான் செய்திருக்கிறேன். அன்றைக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது வேறொருவர்.

2

ஊரில் இருக்கும் நண்பர்கள் போனில் கேட்பது இரண்டே கேள்வி. குளிர் எப்படி, தண்ணி எப்படி. முதல் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குத்தான் எங்கள் வீட்டில் மூன்று பதில் இருக்கிறது.

நாங்கள் இருப்பது லண்டனுக்கு வெளியே, ரயிலில் ஒரு மணி நேரம். அடியில் முழுக்கச் சுண்ணாம்புக் குன்று. கெட்டிலில் நாலு நாள் தண்ணீர் காய்ச்சினால் அடியில் வெள்ளை ஏறிவிடும். டீயின் மேல் ஆடை மாதிரி ஒன்று மிதக்கும், அது பாலாடை இல்லை. வந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு என் மனைவி வாசுகி, "பாத்தீங்களா, அரியலூரு நம்மள வுட மாட்டேங்குது" என்றாள்.

வாசுகி இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் விசாவில்தான் நானும் மகளும் வந்தோம். நான் ஒரு கிடங்கில் பெட்டிகளை அடுக்குகிறேன். லேபில் இருந்தவன் என்று முதல் வருஷம் அங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், பிறகு நிறுத்திக்கொண்டேன். வாசுகி குடிப்பது வடிகட்டித் தண்ணீர். ஒரு ஜாடி வைத்திருக்கிறாள். அதன் தலையில் ஒரு வடிகட்டி, மாதம் ஒருமுறை மாற்றவேண்டும். மேலே ஊற்றினால் சொட்டுச் சொட்டாக இறங்கும். தாகத்தோடு அதன் முன்னால் நிற்பவனுக்குத்தான் அதன் வேகம் தெரியும்.

மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. அவள் குழாய் கட்சி. சமையலறைக் குழாய், பள்ளிக்கூடக் குழாய், பல் தேய்க்கும் இடத்துக் குழாய் எதுவானாலும் வாயை வைத்துக் குடித்துவிடுவாள். உலகத்திலேயே நல்ல தண்ணீர் இதுதான் என்று டீச்சர் சொல்லியிருக்கிறாராம்.

நான் பாட்டில். ஆறு ஆறாகச் சுற்றிக் கட்டியதை வாரம் இரண்டு கட்டு கடையிலிருந்து தோளில் சுமந்து வருகிறேன். காவடி எடுப்பவனுக்காவது ஒரு வேண்டுதல் இருக்கும். யாழினிக்கு என் பாட்டில்களைக் கண்டாலே ஆகாது. பிளாஸ்டிக், கடல், ஆமை என்று ஆரம்பித்துவிடுவாள். எல்லாம் இங்கிலீஷில்தான். நான் தமிழில் பதில் சொல்வேன். நடுவில் வாசுகி இரண்டு பக்கமும் இரண்டு வார்த்தை சேர்த்து எங்களைப் பிரித்துவிடுவாள். வந்தபோது பத்து வயதில் யாழினி தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது தமிழில் 'சாப்டாச்சு' மட்டும் சொல்கிறாள்.

முதல்முதலாக ஓர் ஓட்டலுக்குப் போனபோது, சாதாத் தண்ணீரா, சோடாத் தண்ணீரா என்று அங்கிருந்த பையன் கேட்டான். நான் "நார்மல்" என்றேன். கூலிங்கா நார்மலா என்று நம்மூர்க் கடையில் கேட்பார்கள் இல்லையா, அந்தப் பழக்கம். அவன் விழித்தான். யாழினி அன்றைக்கு மேஜைக்கு அடியில் போகாத குறை. அவள் எங்களோடு வெளியே சாப்பிட வருவது அப்போதிருந்து குறைந்தது என்று நான் சொல்கிறேன். வாசுகி இல்லை என்கிறாள்.

3

பாட்டில் ஏன் என்று சொல்லவேண்டும். இல்லாவிட்டால் பணக்காரத் திமிர் என்று நினைப்பீர்கள். ஊரில் அப்படித்தான் நினைத்தார்கள்.

எனக்கு இருபத்தேழு வயதில் ஒரு காலை, லேபுக்குக் கிளம்பும்போது இடது விலாவுக்குக் கீழே யாரோ கத்தியை விட்டுத் திருகியதுபோல வலி. தரையில் உருண்டேன். அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மச்சான், அன்றைக்கு ஏதோ வேலையாக அரியலூர் வந்திருந்தார். என்னை மொபெட்டில் பின்னால் உட்காரவைத்து, தன் தோள்துண்டால் என்னைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். கிட்னியில் கல். டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். "தண்ணிய மாத்துங்க. தண்ணி நெறைய குடிங்க."

முதல் பாதியை நான் பிடித்துக்கொண்டேன். வீட்டு போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து லேபுக்குக் கொண்டுபோனேன். தண்ணீரில் ஒரு மருந்தைப் போட்டால் திராட்சை நிறத்துக்கு வரும். மேலேயிருந்து இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். நீலமாக மாறும்போது நிறுத்தி எத்தனை சொட்டு என்று பார்த்தால் சுண்ணாம்பின் அளவு தெரியும். எங்கள் வீட்டுத் தண்ணீர் நீலமாவேனா என்றது. பக்கத்தில் நின்ற சீனியர், "என்னப்பா, ஆலைய அப்படியே கரைச்சுக் கொண்டாந்துட்டியா?" என்றார். எங்கள் பக்கம் பருப்பு ஏன் வேகாது, சோப்பு ஏன் நுரைக்காது என்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்தத் திராட்சை நிறத்தைக் கண்ணால் பார்த்தவனுக்கு மறுபடி அது தொண்டையில் இறங்காது. அதற்கும் கல்லுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறதா என்பதே சந்தேகம்தான் என்று வாசுகி இப்போது சொல்கிறாள். இருக்கலாம். வலி வந்தது எனக்கு.

இரண்டாவது பாதியை அக்கா பிடித்துக்கொண்டாள். அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள், கீழப்பழுவூரில் வாழ்க்கைப்பட்டவள். நாற்பது நாள் அவள் வாழைத்தண்டுச் சாறு பிழிந்து பிளாஸ்கில் ஊற்றி, காலை பஸ்ஸில் அரியலூர் வந்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். அப்போது அவள் மகன் கார்த்தி இடுப்புக் குழந்தை. அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும், எத்தனை வருஷம் ஆனாலும், போனை வைப்பதற்கு முன்னால் அவள் கடைசியாகச் சொல்வது ஒன்றுதான். "தண்ணி நெறையா குடி." துபாயில் மூன்று வருஷம் இருந்தபோதும் சொன்னாள், இங்கே வந்த பிறகும் சொன்னாள். நானும் சலித்துக்கொண்டே "சரிக்கா" என்பேன்.

பிறகு அதைக் கேட்காமலே ஒரு வருஷம் போனது.

4

அந்த இடுப்புக் குழந்தை கார்த்திக்குத்தான் போன வருஷம் ஆனியில் பெண் பார்க்கப் போனோம். தாய்மாமன் நான் ஒருவன்தான். அதற்காகவே லீவு போட்டுப் போனேன். பெண் வீடு பெரம்பலூரில். பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார். பெண் பெயர் பவித்ரா. இரு வீட்டுக்கும் வேண்டிய ஒரு பஸ் கண்டக்டர் கொண்டுவந்த சம்பந்தம்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பெண் வீட்டில் நுழைந்து உட்கார்ந்ததும் முதலில் தண்ணீர் வரும். அதைக் குடித்தால் மரியாதை, மனசோடு வந்திருக்கிறோம் என்று அர்த்தம். பேச்செல்லாம் ஒத்துப்போனால் அங்கேயே சாப்பிடுவார்கள். அதற்குக் கை நனைப்பது என்று பெயர். ஒத்துப்போகாத இடத்தில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். ஆனால் ஒத்துப்போகாத இடத்தில்கூடத் தண்ணீரை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

வாத்தியார் வீட்டுக் கூடத்தில் அவருடைய பங்காளிகள் பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வாங்க வாங்க என்றார்கள். பெண்ணின் அம்மா வெள்ளிச் செம்பும் டம்ளர்களும் வைத்த தட்டோடு வந்தார். தாய்மாமன் என்பதால் நேரே என்னிடம்தான் முதலில் வந்தார்.

நான் அப்போது எதையும் யோசிக்கவில்லை. அதுதான் என் குற்றம். கை தானாகப் பைக்குள் போனது. "இல்லைங்க, என்கிட்ட இருக்கு" என்றேன். திருச்சி விமான நிலையத்தில் வாங்கிய பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினேன். சீல் உடைகிற சத்தம் அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. குடித்துவிட்டு மூடியைப் போட்டு மறுபடி பைக்குள் வைத்தேன். அந்த அம்மா தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் எழுந்துபோய் ஒரு டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார், புரையேறி இருமினார்.

பெண் வந்தது. கார்த்தியும் அவளும் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் பேசினார்கள். வெளியே வந்தபோது அவன் முகத்தைப் பார்த்தே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அக்கா சாப்பாட்டுக்குத் தயாராகிவிட்டாள். அப்போது பங்காளிகளில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "மாமன் ஒண்ணும் சொல்லலீங்களே?" என்றார். "எனக்கென்னங்க, பையனுக்குப் புடிச்சா சரி" என்றேன். இங்கிலீஷ்காரர்களோடு இருந்து வந்த பெருந்தன்மை. வாத்தியார் எழுந்து, "சாப்பாட இன்னொரு நாளைக்கு வச்சுக்குவோம்ங்க" என்றார். குரலில் மரியாதை குறையவில்லை.

சாயங்காலம் கண்டக்டர் மச்சானுக்குப் போன் செய்தார். மாமனுக்கு மனசில்லாத இடத்தில் பெண் கொடுக்கவேண்டாம் என்று பங்காளிகள் சொல்லிவிட்டார்களாம்.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அம்பது வருசமா நாங்க இந்தத் தண்ணியத்தானடா குடிக்கிறோம். செத்தா போயிட்டோம்?" என்றாள். என் பையை எடுத்து என் மடியில் வைத்தாள். "ஒன் தண்ணிய நீயே குடி."

அதுதான் கடைசி.

5

நான் திரும்பி வந்ததும் நிரந்தரக் குடியுரிமைக்கு நாள் நெருங்கிவிட்டது. சரியாகச் சொன்னால் குடியுரிமை இல்லை, நிரந்தரமாக இருக்க அனுமதி. ஐந்து வருஷம் ஆனால் விண்ணப்பிக்கலாம். அந்தப் படிவத்தில் ஐந்து வருஷத்தில் எந்தெந்தத் தேதியில் நாட்டை விட்டு வெளியே போனீர்கள், எதற்குப் போனீர்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதவேண்டும். பெரம்பலூர்ப் பயணத்துக்கு எதிரே கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு 'குடும்பத்தாரைப் பார்க்க' என்று எழுதினேன். அதற்கு மேல் அந்தக் கட்டத்தில் இடமும் இல்லை.

விண்ணப்பித்தாயிற்று. எங்கள் பழைய விசா மாசியிலேயே முடிந்துவிட்டது. பதில் வரும்வரை இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம். நாட்டை விட்டு மட்டும் வெளியே போகக்கூடாது. போனால் விண்ணப்பத்தை நாமே திரும்ப வாங்கிக்கொண்டதாகக் கணக்கு. போனவர் போனவர்தான், உள்ளே வர விசா கிடையாது. பதில் எப்போது வரும் என்றால் வரும்போது வரும்.

இதற்கிடையில் அக்கா என் போனை எடுக்கவே இல்லை. மச்சான் மட்டும் வயலுக்குப் போகும்போது மறைவாகப் பேசுவார். கார்த்தி அந்தப் பெண்ணையே நினைத்துக்கொண்டு வேறு எந்தப் பெண்ணின் படத்தையும் பார்க்கமாட்டேன் என்கிறானாம். பவித்ரா ஏதோ பேங்க் பரீட்சைக்குப் படித்ததால் அவள் கல்யாணமும் தள்ளிப்போயிருக்கிறது. இப்போது மறுபடி பார்க்க ஆரம்பித்திருக்கிறார்களாம், துறையூரிலிருந்து ஓர் இடம் வருகிறதாம். "ஒங்கக்கா சரியா சாப்புட மாட்டேங்குறா" என்றார் மச்சான். அதற்கு மேல் என்னைக் குறை சொல்ல அவருக்கு வரவில்லை.

6

பாய்லர்காரர் போன அன்றைக்கே மச்சானிடம் நம்பர் வாங்கி வாத்தியாரைக் கூப்பிட்டேன். யார் என்று சொன்னேன். போனை வைத்துவிடுவாரோ என்று மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். கல் வந்தது, லேபில் பார்த்தது, பாட்டில் பழக்கம், மனசில்லாமல் செய்ததில்லை என்று.

வாத்தியார் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, "எனக்கும் ரெண்டு தடவ கல்லு வந்துருக்குங்க" என்றார்.

"அப்படிங்களா."

"அதனாலதாங்க சொல்றேன். நீங்க வெளிநாட்டுலேருந்து வர்றீங்க, நம்ம தண்ணி ஒத்துக்காதுன்னு அன்னிக்குக் காலையில புது கேன் எடுத்தாந்தேன். நானே கடைக்குப் போயி சீல் இருக்கான்னு பாத்து வண்டியில வச்சுக் கொண்டாந்தேன். கேனையோ பாட்டிலையோ விருந்தாளி முன்னால வச்சா நல்லாருக்காதுன்னு எங்க வூட்டுலதான் வெள்ளிச் செம்புல ஊத்திக் குடுத்தாங்க."

போனைக் காதில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்காகவே தேடிக் கொண்டுவந்த தண்ணீரை, அவர் மனைவி தன் வீட்டிலேயே நல்ல செம்பில் ஊற்றி என்னிடம் நீட்டியிருக்கிறார். எனக்கு இத்தனை வெட்கம் என் வாழ்நாளில் வந்ததில்லை.

"அப்பறம் இன்னொண்ணுங்க" என்றார் வாத்தியார். "ஒங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கில்ல. அந்தப் பையனுக்கு மொறப்பொண்ணு. அத மனசுல வச்சுக்கிட்டுத்தான் மாமன் தண்ணிகூடக் குடிக்கலன்னு எங்க பங்காளிங்க பேசிக்கிட்டாங்க."

"ஐயோ, பதினஞ்சு வயசுப் புள்ளைங்க அது. பள்ளிக்கூடம் போவுது."

"எனக்குப் புரியுதுங்க. அவங்களுக்குப் புரியணும்ல? அத்தன பேரு பாக்கத்தான வேணாம்னீங்க. அதே பேரு முன்னால வந்து ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டுப் போங்க, போதும். எனக்கும் அந்தப் பையனப் புடிச்சுத்தான் இருக்கு. ஆடி பொறக்குறதுக்குள்ள வந்துட்டுப் போங்க. துறையூர்க்காரங்களுக்கு நான் பதில் சொல்லியாவணும்."

வீடியோவில் குடிக்கிறேன், பங்காளிகளைக் கூட்டி வையுங்கள் என்று வாய்வரை வந்தது. சொல்லியும்விட்டேன். வாத்தியார் சிரித்தார், கோபமில்லாத சிரிப்பு. "போன்ல தண்ணி குடிச்சா எப்படிங்க, ஒங்க தண்ணியத்தான குடிப்பீங்க?"

7

ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கவேண்டும். அவ்வளவுதான். உலகத்தில் இதைவிடச் சுலபமான பரிகாரத்தை எந்த ஜோசியரும் சொல்லியிருக்க முடியாது. அதைத்தான் என்னால் செய்யமுடியவில்லை.

குடியேற்ற ஆபீசின் உதவி எண்ணில் வெகுநேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தார். நாலே நாள் ஊருக்குப் போய்வர வழி உண்டா என்று கேட்டேன். யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையா? இல்லை. கல்யாணமா? இன்னும் இல்லை. பிறகு எதற்கு என்று நியாயமாகத்தான் கேட்டார். தண்ணீர் குடிக்க என்று அவரிடம் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கை நனைப்பதற்கும் வார்த்தை இல்லை, பங்காளிக்கும் இல்லை. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு தாராளமாகப் போகலாம் என்று அன்பாகச் சொன்னார். கூண்டுக் கதவு திறந்துதான் இருக்கிறது என்பதுபோல.

வாசுகியிடம், "போயிட்டு வந்து மறுபடி விசா போட்டுப் பாக்கலாமே" என்று இழுத்தேன்.

அவள் ஆஸ்பத்திரி உடுப்பைக்கூட இன்னும் மாற்றவில்லை. "குடுக்கலன்னா? நீங்க அங்க, நாங்க இங்க. ஒங்க ஒரு டம்ளர் தண்ணிக்கு நானும் புள்ளையும் இங்க தனியாக் கெடக்கணுமா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "அண்ணிகிட்ட நான் பேசிப் பாக்குறேன்" என்றாள். பேசிப் பார்த்தாள். அக்கா அவள் போனையும் எடுக்கவில்லை.

யாழினிக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு டம்ளர் தண்ணீருக்காகக் கல்யாணம் நிற்குமா, பைத்தியக்காரத்தனம் என்றாள். நான் விளக்க ஆரம்பித்தேன். அவள் கேட்டாள், பாதியில் போனைப் பார்த்தாள், மறுபடி கேட்டாள். கடைசியில், "ஆனா அப்பா, அந்தத் தண்ணிய நீங்க குடிச்சிருக்கலாமே?" என்றாள், தமிழிலேயே. எழுந்துபோய்க் குப்பையில் போடவேண்டிய பாட்டில்களை நசுக்கிக்கொண்டிருந்தேன்.

தினம் வேலையிலிருந்து வந்ததும் தபால் பெட்டியைப் பார்க்கிறேன், மெயிலைப் பார்க்கிறேன். பீட்சாக் கடை விளம்பரம் வருகிறது. பல் டாக்டர் ஞாபகப்படுத்துகிறார். ஆனியும் பிறந்துவிட்டது. வீட்டில் நடக்கும்போது சுவர்கள் கிட்டே வந்துவிட்டதுபோல இருக்கிறது. இந்த நாட்டில் இருக்கவேண்டும் என்று ஐந்து வருஷம் நாயாய் அலைந்தவனுக்கு, இப்போது இருக்கத்தான் முடியும் என்றானதும் மூச்சு முட்டுகிறது. மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாத்தியாருக்கு, வரமுடியாத நிலைமை என்று ஒரு செய்தி எழுதி அனுப்பினேன். பார்த்துவிட்டார். பதில் போடவில்லை.

8

நேற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கும்போது போன் அடித்தது. அக்கா பெயர். ஒரு வருஷத்துக்குப் பிறகு. எடுக்கிற அவசரத்தில் இரண்டு தரம் தப்பான இடத்தில் அழுத்தினேன்.

"சொல்லுக்கா."

"பெரம்பலூரு போயிட்டு வந்துட்டோம்" என்றாள். நடுவில் ஒரு வருஷம் இல்லாததுபோல நேரே விஷயத்துக்கு வந்துவிட்டாள். "சொல்லாம கொள்ளாமத்தான் போனோம். வாசப்படியிலயே நின்னுக்கிட்டு, வெயில்ல வந்துருக்கோம், ஒரு செம்பு தண்ணி குடுங்கன்னேன். தண்ணின்னு கேட்டா எவன் இல்லேம்பான்? அந்தம்மா ஓடியாந்து குடுத்துச்சு. குடிக்கல. பங்காளிங்கள வரச் சொல்லுங்கன்னேன்."

"வந்தாங்களா?"

"பாதிப் பேரு வந்தாங்க. ஒன் மச்சான் எல்லாத்தையும் எங்கிட்டச் சொல்லியிருந்தாரு. எந்தம்பி ஒரு காயிதத்துக்காவ அந்த நாட்ட வுட்டு நவுர முடியாமக் கெடக்கான், அவன் குடிக்காத டம்ளர நான் குடிக்கிறேன், தப்புன்னா என்னையச் சொல்லுங்கன்னு, நின்னபடி குடிச்சேன். அப்பறம் என் டம்ளர உக்காந்து குடிச்சேன். அந்தப் பெரியவரு ஒண்ணும் பேசல. வாத்தியாரு எல போடச் சொன்னாரு."

"கை நனைச்சீங்களா?"

"நனைச்சிட்டுத்தான் வந்தோம். ஆவணியில கல்யாணம்."

கண்ணீர் வந்துவிட்டது. யாழினி என்னையே பார்க்கிறாள், வாசுகி தோளைத் தொடுகிறாள். அந்த நேரத்தில் என் வாயில் வந்த கேள்வியை நினைத்தால் இப்போதும் எனக்கே அடித்துக்கொள்ளலாம்போல இருக்கிறது. பிறவிக் குணம் எங்கே போகும்?

"என்ன தண்ணிக்கா குடுத்தாங்க, கேனா, கொழாயா?"

"எவன்டா கேட்டான்? குடுத்தாங்க, குடிச்சேன்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்ததுபோலத்தான் இருந்தது. பிறகு குரல் இறங்கியது. "தம்பி, கல்யாணத்துக்கு மாமன் வந்து நிப்பான்னு அத்தன பேரு முன்னால வாக்குக் குடுத்துட்டு வந்துருக்கேன். நீதான் மாலை எடுத்துக் குடுக்கணும். வந்துருவல்ல?"

மேஜையில் வாசுகியின் ஜாடி சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாழினியின் குழாய்த் தண்ணீர் டம்ளர், என் பாட்டில். ஆவணிக்கு இரண்டு மாதம்கூட இல்லை. கடிதம் அதற்குள் வரலாம், வராமலும் போகலாம். வந்துருவேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தேன்.

"பாக்குறேன்க்கா" என்றேன்.

அவளுக்குப் பின்னால் கோழி கத்துவது மட்டும் கேட்டது. என் 'பாக்குறேன்' எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"சரி" என்றாள் அக்கா. "ஒடம்பப் பாத்துக்க. தண்ணி நெறையா குடி."